நின்றுபோனதை வரமென்று நினைத்தேன்

2001-ம் வருடம், மாசிப் பௌர்ணமி. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இடம், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, எட்டரைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம், எனக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகாது என்று என் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

விழுந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பக்தர்கள் கால் கழுவும் குழாயடியில் கொஞ்சம் ஈரம். வழுக்கியதும் வலது கையைத் தரையில் ஊன்றி அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். என் வகுப்பில் பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பத்து முறை இதைவிடப் பலமாக விழுகிறார்கள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். நானும் "எழுந்திரும்மா, ஒண்ணுமில்ல" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே கை வேறு ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

எதிரே சுக்குக் காபி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஓடி வந்து, தன் தலைத்துண்டை உருவி மகளின் கையைத் தொட்டில் மாதிரிக் கட்டி, ஓர் ஆட்டோவையும் நிறுத்திக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இன்று நாற்பத்தோராவது சுற்று, அது பாதியில் நின்றுவிட்டதே என்பதுதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

அதற்கு நாலு வருடம் முன்னால், முப்பத்திரண்டு வயதில், என் மகளுக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வேலூரில் ஆபரேஷன் ஆயிற்று. அதன் பிறகு மாதக்கணக்கில் ஊசி மருந்து. மாப்பிள்ளை ராணுவத்தில் அசாமில் இருந்தார். வருடத்துக்கு ஒரு விடுப்புதான். அதனால் மகளும் பேத்தியும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கூட்டுறவு சங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவளை வேலையை விடச் சொன்னேன். விட்டாள். ஊரில் யாருக்கும் விஷயத்தைச் சொல்லவில்லை. ஏதோ கட்டி, எடுத்தாகிவிட்டது என்று சொல்லி வாயை அடைத்தோம். நாளைக்குப் பேத்திக்கு வரன் பார்க்கும்போது இதைப் பேசுவார்களே என்று பயம். பேத்திக்கு அப்போது வயது ஆறு.

நாலாவது ஊசியோடு மகளுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. மருந்தினால் சிலருக்கு இப்படி ஆகும், திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், எதுவானாலும் எங்களிடம் சொல்லுங்கள் என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது வேறு மாதிரி காதில் ஏறியது. அவள் பிழைத்து வந்தால் நாற்பத்தெட்டுப் பௌர்ணமி விடாமல் கிரிவலம் வருகிறோம் என்று நான் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு அப்படி விடாமல் சுற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பத்து பௌர்ணமி முடிந்திருக்கும், பதினொன்றாவது அன்று தேதி வந்து நிற்கும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மாத்திரை போட்டுத் தேதியைத் தள்ளிப்போடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். என் மகளுக்கு அந்தத் தொல்லையே இல்லை. சாமியே வழிவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல், அவள் காதுபடவே பல முறை சொல்லியும் இருக்கிறேன். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அடுத்தது பத்தியம். பால், தயிர் கட்டியை வளர்க்கும் என்று ஒருவர் சொன்னார். எள்ளும் வேர்க்கடலையும் சூடு என்று இன்னொருவர். முட்டை, மீன் பேச்சே கூடாது என்று மூன்றாமவர். நான் ஒன்றையும் விடவில்லை. நாலு வருடம் அவளுக்குக் குழைந்த சோறும் பருப்பு ரசமும்தான். மருந்து ஏறிய உடம்பு வெயில் தாங்காது என்று வாசல்படி தாண்டவிடவில்லை. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையால் பாரம் தூக்க வேண்டாம் என்று வேலூரில் சொன்னதை, எந்தக் கையாலும் எதையும் தூக்கக் கூடாது என்று நானே சட்டமாக்கினேன். குடம் நான் தூக்கினேன். துணி நான் துவைத்தேன். மாதம் முழுக்க நிழலில் உட்காரவைத்துவிட்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறும் வயிற்றில், வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர் நடக்கவைத்தேன்.

நான் படிக்காதவள் இல்லை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அது உடம்பில் சேர வெயில் வேண்டும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். பள்ளிக்கூடத்தில் எழுதிப் போட்டதை வீட்டில் ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை.

வேலூருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருடம் ஒழுங்காகப் போனோம். அங்கே டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்பார், நான் பதில் சொல்வேன். மாதவிலக்கு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்கள். அதில் ஒரு தொந்தரவும் இல்லைங்க என்றேன். என் மனசுக்கு அது உண்மையாகத்தான் பட்டது. நடுநடுவே அவள் முகம் குப்பென்று சிவந்து, நல்ல மார்கழிக் குளிரிலும் வியர்த்துக் கொட்டும். முதுகு வலிக்கிறது என்பாள். ஊசி மருந்தின் சூடு இன்னும் இறங்கவில்லை என்று நெற்றியில் சந்தனம் அரைத்துப் போட்டேன். பிறகு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, வேண்டுதலும் தடையில்லாமல் நடக்கிறது என்று வேலூர் போவதையே நிறுத்திவிட்டேன்.

இந்தக் கதையெல்லாம் மூட்டையாகக் கட்டி மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் அன்று காலை ஏழரை மணிக்கு அரசு ஆஸ்பத்திரியில் போய் இறங்கினேன்.

மாவுக்கட்டு போடும் அறையில் ஒரு சிஸ்டர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம் என்று பிறகு தெரிந்தது. குட்டையான உருவம், நல்ல உரத்த குரல். கிரிவலத்தில் கால் பிசகியவர்கள் நாலைந்து பேர் வரிசையில் இருந்தார்கள். அவர்களை அதட்டிக்கொண்டும் கிண்டல் பண்ணிக்கொண்டும் வேலை பார்த்தார். நான் டீச்சர் என்று யாரோ சொல்ல, "வாங்க டீச்சர், பௌர்ணமின்னா சாமிக்கு மேல எனக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி" என்றார்.

வேறு ஏதாவது நோய் உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். இதற்கு முன்னால் ஆபரேஷன் ஏதாவது? இல்லை என்றேன். பக்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மகள் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

சிஸ்டர் ரத்தக் கொதிப்பு பார்க்கும் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். வலது கைதான் உடைந்திருக்கிறதே. இடது கையைப் பிடித்தார். மகள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பட்டை கட்டக் கூடாது என்று வேலூரில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். மற்றதையெல்லாம் நான் மறந்தேன். அவள் மறக்கவில்லை.

"பட்டை கட்டினா வலிக்கும்னு பயம்ங்க, வேற ஒண்ணுமில்ல" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். புடவைத் தலைப்பை அவள் இடது பக்கம் எப்படி இழுத்துப் போர்த்தியிருந்தாள் என்பதைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்து, மகளின் காலில் பட்டையைச் சுற்றி, காலிலேயே ரத்தக் கொதிப்பு பார்த்து எழுதிக்கொண்டார். எழுந்து, "டீச்சர், இந்தாங்க எக்ஸ்ரே சீட்டு, முத்திரை வாங்கணும், கொஞ்சம் வரிசையில நில்லுங்க" என்று என்னை வெளியே அனுப்பினார். பக்கத்தில் இருந்த தெருக்காரரையும் ஏதோ சொல்லி எழுப்பிவிட்டார். மகளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

நான் போகவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். முதல் கேள்வி எனக்குக் கேட்டது. அவ்வளவு உரத்த குரல் இத்தனை மெதுவாகப் பேசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மாசா மாசம் ஆகறது நின்னு எத்தினி வருஷம் ஆகுது கண்ணு?"

மகள் அழ ஆரம்பித்தாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள்கூட அவள் அப்படி அழுததில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நாலு வருடமாக உடம்பு திடீர் திடீரென்று கொதிப்பதை, தூக்கம் வராததை, முதுகெலும்பில் யாரோ ஆணி வைத்து அழுத்துவது போல வலிப்பதை. கடைசியாக ஒன்று சொன்னாள். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்ததாம். நின்றுபோனது தெரிந்த நாளில் குளியலறையில் உட்கார்ந்து அழுதாளாம். வெளியே வந்தால், சாமி வழிவிட்டுவிட்டார் என்று நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேனாம்.

எக்ஸ்ரே சீட்டு என் கையில் கசங்கியிருந்தது.

சிஸ்டர் வெளியே வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. எக்ஸ்ரே எடுக்கவைத்து, எலும்பு டாக்டரிடம் நேராகப் போய் விஷயத்தைச் சொல்லி, எங்களை உள்ளே அழைத்துப் போனார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எலும்பு மிகவும் மெலிந்திருக்கிறது, இந்த வயதில் இவ்வளவு லேசாக விழுந்ததற்கெல்லாம் உடையக் கூடாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பழைய நோய் எலும்புக்கு வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது, உடனே வேலூருக்குப் போய் ஸ்கேன் எடுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு நாலு நாள் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத வரவில்லை. சோறு வடித்தேன், பள்ளிக்கூடம் போனேன், பாடம் நடத்தினேன். எல்லாம் வேறு யாரோ செய்வது போல இருந்தது. மாவுக்கட்டுக் கையோடு மகள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, டியூட்டி முடிந்து போகிற வழியில் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். மகளின் விவரமெல்லாம் தேதி வாரியாக எழுதியிருந்தார். எப்போது ஆபரேஷன், எந்த ஊசியோடு மாதவிலக்கு நின்றது, எப்போதிலிருந்து முதுகுவலி, என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு நேரம் வெயிலில் இருக்கிறாள். எல்லாம் மகள் வாயால் சொன்னது. "இத அப்படியே டாக்டர்கிட்ட நீட்டு. அம்மா கூட வரட்டும், ஆனா வெளிய பெஞ்சில உட்காரட்டும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோய் திரும்பிவிட்டதா சிஸ்டர் என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஸ்கேன்தான் சொல்லும் என்றார். பிறகு தன் வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் லேசான மேடு. முப்பத்துநாலு வயதில் அவருக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்களாம். நாற்பது வயதில் ஒரு நோயாளியைக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைக்கும்போது தன் கை உடைந்ததாம். அதற்குப் பிறகுதான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன் டீச்சர் என்றார். ஐம்பது வயதில் நிற்க வேண்டியது முப்பதிலேயே நின்றால், பெண் ஹார்மோனால் எலும்புக்கு இருந்த காவல் அத்தனை வருடம் முன்னதாகவே போய்விடுகிறது. நெஞ்சுக்கு இருந்த காவலும்தான். அதற்கு நாம்தான் மாற்றுக் காவல் வைக்க வேண்டும். அன்றிலிருந்து எலும்பு முறிந்து வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், வயது எதுவானாலும், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவாராம்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம், வேண்டுதல் பாதியில் நின்றுவிட்டதே, அதனால்தான் ஏதாவது ஆகுமோ என்று கேட்டுவிட்டேன். மனசு அப்படி உழன்றுகொண்டிருந்தது.

"வேண்டிக்கிட்டது யாரு டீச்சர்?"

"நான்தான்."

"நடந்தது?"

நான் உள்ளே மகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பாக்கி எட்டு பௌர்ணமியையும் நீங்க சுத்துங்க. சாமிக்குக் கணக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலூரில் காலில் ஊசி போட்டு, தண்ணீர் குடிக்கவைத்து, மூன்று மணி நேரம் காக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பின் வலுவை அளக்கும் இன்னொரு பரிசோதனையும் செய்தார்கள். மறுநாள் முடிவு. சிஸ்டர் சொன்னபடி நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. ஆனால் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். நாலு வருடத்தில் அவள் ஒரு டாக்டரிடம் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. பேச நான் விட்டதில்லை.

கதவு திறந்து என்னையும் கூப்பிட்டார்கள். நோய் திரும்பவில்லை. எலும்பில் எங்கேயும் இல்லை. நான் டாக்டர் மேஜையில் தலையை வைத்து அழுதுவிட்டேன். நிம்மதியாக அழுவதற்கு எனக்குக் கிடைத்தது அந்த ஐந்து நிமிடம்தான். அடுத்து டாக்டர் சொன்னார், முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு அறுபத்தைந்து வயது எலும்பு இருக்கிறது. முதுகெலும்பில் ஒரு கண்ணி ஏற்கெனவே லேசாக அமுங்கியிருக்கிறது. மருந்தினால் மாதவிலக்கு நின்றது ஒரு காரணம். சரியான சாப்பாடும் வெயிலும் உழைப்பும் இல்லாமல் போனது அதன் மேல் சேர்ந்த காரணம்.

முதலாவது மகளின் உயிரைக் காப்பாற்றக் கொடுத்த விலை. இரண்டாவது முழுக்க முழுக்க நான் செய்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணமங்கலம் தாண்டிய பிறகு, "எனக்கு நல்லதுன்னுதானே செஞ்சே. ஆனா ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்மா" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு இன்றுவரை அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மறுவாரத்திலிருந்து வீடு தலைகீழாக மாறியது. மாற்றியது நான் இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு அவளே மாற்றினாள். காலையில் பால், மத்தியானம் தயிர். கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, வாரத்தில் இரண்டு நாள் முள்ளோடு தின்னும் சின்ன மீன். தினமும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் வெறும் வயிற்றில் போடுகிற எலும்பு மாத்திரை ஒன்று. அதைப் போட்டால் அரை மணி நேரம் படுக்கவே கூடாது. அந்த அரை மணி நேரத்தை அவள் மொட்டைமாடியில் நடந்து கழித்தாள். மறுபடி மாதவிலக்கு வரவழைக்கும் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்களுக்குத் தெரிந்த ஒருவர் யோசனை சொன்னார். அவள் டாக்டரிடம் கேட்டாள். இந்த நோய் வந்தவர்களுக்கு அது ஆபத்து, யார் சொன்னாலும் வாங்காதே என்றார். உடனே அந்தப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

சிஸ்டர் அவளுக்குத் தபால் கார்டு போடுவார். ஒரே ஊரில் இருந்துகொண்டு கார்டு எதற்கு என்று கேட்டேன். நேரில் சொன்னால் மறந்துவிடும், கார்டு என்றால் வீட்டில் நாலு பேர் படிப்பார்கள், அத்தனை பேரும் ஞாபகப்படுத்துவார்கள் என்றார். ஒவ்வொரு கார்டிலும் ஒரு வரிதான் இருக்கும். 'இந்த மாதம் ரத்தக் கொதிப்பு பார்க்கணும்.' 'கொழுப்பு பரிசோதனை ஒரு வருஷம் ஆச்சு.' 'அடுத்த மார்பையும் படம் எடுக்கும் நேரம்.' 'முதுகை வளைச்சுக் குடம் தூக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு.' தான் கேள்வி கேட்ட எத்தனையோ பெண்களுக்கு அவர் இப்படிக் கார்டு போட்டுக்கொண்டிருந்தார். மாவுக்கட்டு அறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவாராம். கோணல் மாணலான அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

நான் அதிகம் வியந்தது என் மகளைத்தான். கட்டுப் பிரித்த முதல் வாரம் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து அந்தக் கையைப் பழக்கினாள். வெயிலில் போகாதே என்று என்னையும் மீறி என் வாய் சொல்லும். "மா, எட்டாம் வகுப்புப் பாடம்" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவாள். தினமும் காலையில் வெயில் ஏறின பிறகு ஒரு மணி நேரம் நடந்தாள். ஆறு மாதத்தில் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினாள். ஒரு வருடத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். எதனால் இத்தனை வருடம் வேலையில் இல்லை என்று அங்கே கேட்டபோது, மார்பகப் புற்றுநோய் வந்தது, சிகிச்சை எடுத்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன் என்று பட்டென்று சொன்னாளாம். நான் நாலு வருடம் மூடி மூடி வைத்த வார்த்தை. வேலை கிடைத்தது. அன்று ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே தெருக்காரர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, தன் தங்கைக்கும் இப்படித்தான், எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று அவளிடம்தான் விசாரித்தார்.

மீதி எட்டு பௌர்ணமியையும் நான் தனியாகச் சுற்றினேன். என்ன வேண்டிக்கொண்டு சுற்றினேன் என்று கேட்டால், ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தேன். சாமியிடம் பாதி, மகளிடம் பாதி.

2003-ல், கோடை தொடங்கும் சமயம், எலும்பை மறுபடி அளந்து பார்க்க வேலூர் வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருட உழைப்புக்குப் பலன் இருக்கிறதா, இல்லை எலும்பு இன்னும் கரைந்துகொண்டேதான் போகிறதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். நான் விடுப்பு போட்டுத் தயாராக நின்றேன். தான் தனியாகப் போய்வருவதாக மகள் சொன்னாள். நான் வெளியே பெஞ்சிலேயே உட்காருகிறேன் என்றேன். பெஞ்சிலும் வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கே நான் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். வேலூர் பஸ் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் இறங்கும் வரை பார்ப்பேன். முதல் பஸ்ஸில் வரவில்லை. இரண்டாவதில், மூன்றாவதில் வரவில்லை. நாலாவது பஸ் காலியான பிறகு, கண்டக்டரிடம் போய் என் மகளின் அடையாளம் சொல்லிக் கேட்டேன். அந்தம்மா ஊருக்குள் வருவதற்கு முன்னால் போளூர் ரோட்டிலேயே இறங்கிவிட்டார் என்றார். வழியிலேயே ஏன் இறங்கினாள்? என்ன சொன்னார்கள்? வீட்டுக்கு வரப் பிடிக்காமல் எங்காவது உட்கார்ந்து அழுகிறாளா? மனசு எங்கெங்கோ போய்வந்தது.

ஐந்தேகால் மணிக்கு, சாயங்கால வெயிலில், தலையில் துண்டு போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வாசலில் அவள் நடந்து வந்தாள். இன்றைய நடை பாக்கி இருந்தது, அதனால் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தேன் என்றாள். என்னைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியமில்லை. நான் அங்கேதான் இருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான் கேட்காமல் காத்திருந்தேன். நான் கற்றுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"கரையறது நின்னுடுச்சும்மா. முதுகுல கொஞ்சம் ஏறிக்கூட இருக்குது. இனிமே காலத்துக்கும் இப்படியே பார்த்துக்கணுமாம்" என்றாள். பிறகு பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னாள், "கூட யாரும் வரலியா, உங்கள யாரு இவ்ளோ நல்லா பார்த்துக்கறதுன்னு டாக்டர் கேட்டாரு. நான்தாங்க டாக்டர் பார்த்துக்கறேன்னு சொன்னேன்."

இப்போதும் அவள் அரை மணி நேரம் தாமதமாக வந்தால் என் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் அவளைக் கேட்காமல் அவள் உடம்பைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, இதை எழுதி அனுப்புவதற்கும் முதலில் அவளிடம்தான் கேட்டேன்.